திருவொற்றியூர்ப் பிள்ளை

புல்லட் என்ற பெயரை 1932இல் ஒரு மோட்டார் சைக்கிளுக்குச் சூட்டியவர்கள் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு கம்பெனிக்காரர்கள். 1901 முதலே மோட்டார் சைக்கிள் செய்துவந்தவர்கள் அவர்கள். போருக்குப் பிறகு பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங் வைத்த 350 சிசி புல்லட் வந்தது. மேடுபள்ளத்தில் முதுகை உடைக்காத அந்த வண்டிதான் 1950களின் தொடக்கத்தில் நம் ராணுவத்தின் கண்ணில் பட்டது. எல்லைக் காவலுக்கு ஏற்ற வண்டி என்று ஆர்டர் போனது. சென்னையிலிருந்த மெட்ராஸ் மோட்டார்ஸ் அந்தக் கம்பெனியோடு கைகோத்து 1955இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. தொழிற்சாலை எழுந்த இடம் திருவொற்றியூர்.

முதலில் பெட்டி பெட்டியாகப் பாகங்கள் கப்பலில் வந்தன, இங்கே பூட்டினார்கள். பிறகு அச்சுகளும் கருவிகளும் வந்தன. 1962 வாக்கில் வண்டி முழுவதையும் இங்கேயே செய்யும் நிலை வந்துவிட்டது. ரெட்டிச் தொழிற்சாலை 1967இல் மூடப்பட்டது, 1970இல் இங்கிலாந்தில் உற்பத்தியே நின்றது. திருவொற்றியூரில் நிற்கவில்லை. 1977இல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே புல்லட் ஏற்றுமதியானது. தாய்வீட்டில் அணைந்த அடுப்பை வடசென்னைத் தொழிலாளர்கள் அணையாமல் காத்தார்கள் என்பதில் எனக்கு இன்றும் பெருமைதான்.

எங்கள் வீட்டு வண்டி அறுபதுகளின் நடுவில் வந்தது. தாத்தா கால்நடை டாக்டர். ராத்திரியில் கன்று ஈன முடியாமல் பசு தவிக்கிறது என்று ஆள் வந்தால் வாய்க்கால் கரை, வண்டித்தடம் என்று பார்க்காமல் இதில்தான் கிளம்புவார். அவருக்குப் பின் அப்பா ஓட்டினார். அப்பாவுக்குப் பிறகு வண்டி தொழுவத்தில் வெகுகாலம் நின்றுவிட்டது.

அதைப் பட்டறைக்குக் கொண்டுபோய் இன்ஜினைப் பிரித்தபோதுதான் அந்தக் கரைகளில் அது ஏன் திணறவில்லை என்பது விளங்கியது. சிலிண்டரின் குறுக்களவு 70 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமோ 90. உள்ளே கனமான ஃப்ளைவீல். நீண்ட ஓட்டமும் அந்தக் கனமும் சேர்ந்து இன்ஜினை மெதுவாகச் சுற்றும்போதும் அணையவிடாமல் இழுத்துச் செல்கின்றன. ஒற்றை சிலிண்டர், இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பு. ஊரே அடையாளம் கண்ட அந்த 'டப் டப்' தனித்தனியாகக் கேட்பதற்கும் இதுவே காரணம்.

பிஸ்டன் தலையில் 40 என்று பொறித்திருந்தது. அசல் அளவைவிட அங்குலத்தில் ஆயிரத்தில் நாற்பது பங்கு பெரிது என்று அர்த்தம். சிலிண்டர் தேய்ந்து, லேத்தில் போரிங் போட்டு, பெரிய பிஸ்டன் மாட்டி, மறுபடியும் தேய்ந்திருக்கிறது. எத்தனை ஊர், எத்தனை தொழுவம் என்று தாத்தா எங்கும் எழுதிவைக்கவில்லை. அந்த எண் ஒன்றுதான் எங்களிடம் இருக்கும் கணக்கு.

போல்ட்டுகளில் பலவற்றுக்கு இன்றைய மில்லிமீட்டர் ஸ்பானர் உட்காரவில்லை. அங்குல அளவு ஸ்பானர் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. திருவொற்றியூரில் செய்த வண்டியானாலும் மரைகளில் இங்கிலாந்துப் பிறவி அப்படியே இருந்தது. வயரிங்கும் பிளாட்டினம் பாயிண்டும் புதிதாயின. கார்பரேட்டரைக் கழுவியதே போதுமானதாக இருந்தது.

தகராறு வந்தது பின்மட்கார்டு மேலிருந்த கேரியரில். தாத்தா தன் மருந்துப் பெட்டிக்காக உள்ளூர்ப் பட்டறையில் ஆங்கிள் இரும்பை வைத்துப் பற்றவைத்தது. வெல்டிங் கரடுமுரடு. "இதை அறுத்துட்டாத்தான் தம்பி, கம்பெனியிலேர்ந்து வந்த மாதிரி இருக்கும்" என்றார் மெக்கானிக். பழைய வண்டி பிரியர்கள் பலரும் அதைத்தான் சொல்வார்கள். பார்க்க வந்த அத்தை, "அதை அறுத்தா அப்புறம் எங்கப்பா வண்டின்னு எப்படிச் சொல்றது?" என்று கேட்டார். மெக்கானிக் சிரித்துக்கொண்டே அறுக்கும் மெஷினை ஓரமாக வைத்துவிட்டார். ரெட்டிச்சில் வரைந்த வண்டியைத் திருவொற்றியூர் தன் கையால் செய்தது. எங்கள் ஊர்ப் பட்டறை அதன்மேல் தன் பங்கைச் சேர்த்தது. கம்பெனி வாசலோடு இந்த வண்டியின் பிறப்பு முடிந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. டேங்குக்குக் கறுப்பு அடித்து, தங்கக் கோட்டைத் தூரிகையால் கையாலேயே இழுக்கச் சொன்னோம். கேரியருக்குத் துரு நீக்கிக் கறுப்பு மட்டும்.

ஐம்பது வயது தாண்டிய வண்டிகளை 'விண்டேஜ்' என்று பதிவு செய்ய 2021இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. 'விஏ' எழுத்துகளோடு தனி நம்பர் கிடைக்கும். கௌரவம்தான். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் சாலையில் ஓட்டக் கூடாது. நாங்கள் பழைய ஆர்.சி.யையே புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறோம். அத்தை மகள் ஓட்டப் போகிறாள். கியர் வலது காலில், பிரேக் இடது காலில் என்பதற்குத் தொழுவத்து வாசலிலேயே பழகிக்கொண்டிருக்கிறாள்.