ஒற்று மிகுமா, மிகாதா? ஒரு செனகல் வழக்கு

செனகல் என்றால் நம்மூர்க்காரர்கள் பலருக்குக் கால்பந்துதான் நினைவுக்கு வரும். 2002 உலகக் கோப்பையில் பிரான்சையே 1-0 என்று சாய்த்தார்களே, அவர்கள்தான். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே புதுச்சேரிக்கும் அவர்களுக்கும் தொடர்பு உண்டு. இங்கே நெய்து அவுரி நீலம் ஏற்றிய 'கினே' துணி கப்பலில் போய், செனகல் ஆற்றங்கரையில் கருவேலம் பிசின் வாங்கப் பணம் போலவே புழங்கியது.

நம்மைப் போல அவர்களும் பிரெஞ்சுக்காரன் ஆட்சியில் இருந்தவர்கள். அவன் போன பிறகு நமக்குத் தமிழ் இருந்தது. அவர்களுக்கோ எந்த மொழியை வைத்துக்கொள்வது என்பதே கேள்வி. வோலோஃப், செரேர், புலார், ஜோலா, மண்டிங்கா, சொனின்கே என்று இனத்துக்கு ஒரு மொழி. இதில் சண்டை இல்லை என்பதுதான் ஆச்சரியம். செரேர்காரரும் ஜோலாக்காரரும் சந்தித்தால், மாமன் மச்சான் போல ஒருவரை ஒருவர் கேலி செய்துகொள்வார்கள். யாரும் கோபிக்கக் கூடாது என்பது வழக்கம். வோலோஃப் இனத்தார் மக்கள்தொகையில் பாதிகூட இல்லை. ஆனாலும் சந்தை, பேருந்து, வானொலி வழியாக அந்த மொழி தானே பரவிப் பெரும்பாலோர்க்குப் பொதுமொழியாகிவிட்டது. அரசாங்கம் பரப்பவில்லை. அரசாங்கத்தின் மொழி பிரெஞ்சு.

இதனால் சாதாரண மனிதன் என்ன பாடு பட்டான் என்பதை உஸ்மான் செம்பேன் 1968இல் 'மந்தாபி' என்ற படமாக எடுத்தார். நாவலாசிரியர் அவர். தாம் பிரெஞ்சில் எழுதுவதைத் தம் மக்களில் பெரும்பாலோரால் படிக்க முடியாது என்பதால் சினிமாவுக்குப் போனவர். இந்தப் படத்தை வோலோஃபிலேயே எடுத்தார். கதை எளிது. டக்காரில் வேலையில்லாத ஒருவருக்குப் பாரிசிலிருந்து அக்காள் மகன் 25,000 பிராங்குக்கு மணியார்டர் அனுப்புகிறான். வாங்கப் போனால் அடையாள அட்டை கேட்கிறார்கள். அட்டைக்குப் பிறப்புச் சான்று வேண்டும், புகைப்படம் வேண்டும், முத்திரைத்தாள் வேண்டும். எல்லாம் அவருக்குப் படிக்கத் தெரியாத மொழியில். கடைசியில் படித்த உறவினர் ஒருவரே உதவுவதாகச் சொல்லிப் பணத்தை அமுக்கிவிடுகிறார்.

அரசாங்க அலுவலகத்தில் எழுத்தராக முப்பது வருடம் உட்கார்ந்தவன் நான். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்று தெரிந்து, பாட்டன் காலத்துப் பத்திரத்தையும் 'எத்தா சிவில்' நகலையும் மஞ்சள் பையில் சுருட்டிக் கொண்டுவந்து, "ஐயா, இதுல என்ன போட்டிருக்கு?" என்று கேட்டவர்கள் எத்தனையோ பேர். தம் தகப்பன் பெயர் எந்த வரியில் இருக்கிறது என்பதுகூட அவர்களுக்குத் தெரியாது. அந்தப் படத்தின் கதை எனக்கு அந்நியமாகப் படவில்லை.

அப்போது செனகலின் ஜனாதிபதி லெயோபோல் செங்கோர். தாய்மொழி செரேர். கவிஞர். பிரான்சில் பள்ளி ஆசிரியராக இருந்தவர், 1935இல் பிரெஞ்சு இலக்கணத்தில் 'அக்ரெகாசியோன்' தேறியவர். பிற்பாடு 1983இல் பிரெஞ்சு அக்காதெமியில் இடம்பெற்ற முதல் ஆப்பிரிக்கர். தமிழ் மீதும் அவருக்கு ஆர்வம் உண்டு. திராவிட, ஆப்பிரிக்க உறவை ஆராய வேண்டும் என்று நினைத்தவர். நமக்குத் தெரிந்த பேராசிரியர் க. ப. அறவாணன் டக்காரில் சில ஆண்டுகள் ஆய்வு செய்ததும் அந்தக் காலத்தில்தான்.

இந்த இலக்கணவாதி வோலோஃபை எப்படி எழுத வேண்டும் என்று அரசாணை போட்டார். அதன் பிறகு செம்பேன் எடுத்த படம் 'செடோ'. மதம் மாற மறுத்த பழைய வீரர்களின் கதை. ரோமன் எழுத்தில் அதற்கு டகரம் ஒன்று போதும் என்றார் செங்கோர். இரண்டு என்றார் செம்பேன், மாற்ற மறுத்தார். படம் தடை. செங்கோர் பதவி விலகிய பிறகுதான் அது தன் நாட்டில் வெளியானது. (தமிழில் இரட்டித்தால் ஒலியே மாறிவிடும். ஆகவே ஒற்றையாகத்தான் எழுதியிருக்கிறேன். செங்கோர் மகிழட்டும்!) செக் அந்தா தியோப் நடத்திய 'சிக்கி' பத்திரிகைக்கும் இதே கதி. ககரம் இரட்டித்தது குற்றமாகி, கடைசியில் பெயரையே மாற்றிக்கொண்டது. இந்த தியோப் ஐன்ஸ்டைனின் சார்பியல் கொள்கையை வோலோஃபில் எழுதிக் காட்டியவர். செங்கோரின் அரசியல் எதிரியும்கூட.

ஒற்றெழுத்து அற்ப விஷயம் என்று தமிழர் யாரும் சொல்ல மாட்டோம். படுவும் பட்டும் ஒன்றா? வோலோஃபிலும் அப்படியே. 'கெம்' என்றால் நம்பு. மகரத்தை அழுத்தி 'கெம்ம்' என்றால் கண்ணை மூடு. ஆனால் அந்தப் படத்தில் ஓர் இமாம் அரசனின் இடத்தைப் பிடிக்கிறார். நாடோ பெரும்பாலும் முஸ்லிம் நாடு. தடைக்குக் காரணம் டகரம் மட்டும்தான் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. நம்பியவர்கள் கண்ணை மூடிக்கொண்டிருக்க வேண்டும்.

2001 அரசியல் சட்டம் ஆறு மொழிகளைத் தேசிய மொழிகள் என்று பெயர் சொல்லி ஏற்றது. 2014இலிருந்து நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் தம் மொழியில் பேசலாம். மற்றவர்கள் காதில் மொழிபெயர்ப்பு கேட்கும். பள்ளிப் பாடமும் நீதிமன்றமும் இன்னும் பெரும்பாலும் பிரெஞ்சில்தான். புலார் பேசுகிறவர்களுக்கோ வேறு கவலை. பிரெஞ்சு எழுந்துபோன நாற்காலியில் வோலோஃப் வந்து உட்கார்ந்துவிடுமோ என்று.