லுக்கன்பாக்

லுக்கன்பாக், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கில்லெஸ்பி மாவட்டத்தில் உள்ள சிற்றூர். ஹில் கன்ட்ரி எனப்படும் குன்றுப் பகுதியில், பிரெடெரிக்ஸ்பர்க் நகரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஒரு பழைய பலசரக்குக் கடை, ஒரு மர நடனக் கூடம், ஓடைக்கரையில் சில ஓக் மரங்கள், இவ்வளவுதான் ஊர். ஊரின் மக்கள்தொகையாகச் சொல்லப்படுவது 3. ஆனால் கன்ட்ரி இசை கேட்பவர்களில் இவ்வூரின் பெயரை அறியாதவர்கள் குறைவு.

தோற்றம்

1840களில் ஜெர்மனியிலிருந்து ஆயிரக்கணக்கானோர் டெக்சாஸில் குடியேறினர். 1846-ல் பிரெடெரிக்ஸ்பர்க் நிறுவப்பட்டது. அப்பகுதி கொமான்ச்சிப் பழங்குடிகளின் நிலம். குடியேறிகள் சார்பில் ஜான் மியூஸ்பாக் 1847-ல் அவர்களுடன் உடன்படிக்கை செய்துகொண்டார். அதன்பிறகு வெளியே பரவிய குடும்பங்களுள் ஒன்று லுக்கன்பாக் குடும்பம். 1849-ஐ ஊரின் தொடக்க ஆண்டாகக் கொள்வது வழக்கம். கொமான்ச்சிகளுடன் பண்டமாற்று நடந்த கடை என்ற பெருமையும் இங்குள்ள கடைக்கு உண்டு.

அஞ்சலகம் முதலில் சவுத் கிரேப் கிரீக் என்ற பெயரில் இயங்கியது. 1886-ல் அது மீண்டும் திறக்கப்பட்டபோது, எங்கெல் குடும்பத்துப் பெண் மின்னா தனக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த ஆல்பர்ட் லுக்கன்பாக்கின் பெயரைச் சூட்டினார். பருத்தி ஜின்னிங் ஆலை, கொல்லுப்பட்டறை, பள்ளிக்கூடம் என ஊர் ஓரளவு வளர்ந்தது. பிறகு பருத்தி குறைந்தது, இளைஞர்கள் நகரங்களுக்குச் சென்றனர். 1964-ல் பள்ளி பிரெடெரிக்ஸ்பர்க்கோடு இணைக்கப்பட்டது. 1971-ல் அஞ்சலகமும் மூடப்பட்டது. பள்ளியும் அஞ்சலகமும் இல்லாமல் போனபின் ஓர் ஊர் வரைபடத்திலிருந்து மறைவது எளிது. டெக்சாஸில் அப்படி மறைந்த ஊர்கள் ஏராளம்.

விற்பனைக்கு வந்த ஊர்

அதற்குச் சற்று முன்பே எங்கெல் குடும்பத்தினர் ஊரை விற்க முடிவுசெய்திருந்தனர். 1970-ல் ஹோண்டோ குரௌச், நடிகர் கைச் கூக், கேத்தி மோர்கன் ஆகிய மூவரும் சேர்ந்து அதை வாங்கினர். விலை 30,000 டாலர் என்பர்.

ஹோண்டோ குரௌச் (1916–1976) கல்லூரிக் காலத்தில் பெயர்பெற்ற நீச்சல் வீரர். பின்னர் கால்நடைப் பண்ணை நடத்தினார், உள்ளூர்ச் செய்தித்தாளில் புனைபெயரில் நகைச்சுவைப் பத்தி எழுதினார். ஊரை வாங்கியதும் தன்னையே மேயராக அறிவித்துக்கொண்டார். லுக்கன்பாக்கில் எல்லோரும் முக்கியமானவர்கள்தாம் என்பது அவர் காலத்து முழக்கம். வணிகக் கண்ணோடு பார்த்தால் இவையெல்லாம் விளையாட்டு. ஆனால் கிதாருடன் வந்தவர் எவரும் மரத்தடியில் அமர்ந்து பாடலாம் என்ற வழக்கம் இந்த விளையாட்டில்தான் ஊன்றியது.

1973 ஆகஸ்டில் பாடகர் ஜெர்ரி ஜெஃப் வாக்கர் நடனக் கூடத்தில் ஓர் இசைத்தொகுப்பைப் பதிவுசெய்தார். ஒலிப்பதிவுக் கூடம் இல்லை. ஒலி எதிரொலிக்காமல் இருக்க வைக்கோல் கட்டுகளை அடுக்கினர். ‘விவா டெர்லிங்குவா’ என்ற அத்தொகுப்பு, நாஷ்வில் நகரின் மெருகேற்றிய கன்ட்ரி இசைக்கு மாற்றாக டெக்சாஸ் பாணியை நிறுவிய பதிவுகளுள் ஒன்று. தலைப்பில் உள்ள டெர்லிங்குவா, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வேறோர் ஊர் என்பது வேடிக்கை.

பாடலும் ஊரும்

1977-ல் வேலான் ஜென்னிங்ஸ் பாடிய, லுக்கன்பாக் என்று தொடங்கும் தலைப்புடைய பாடல் கன்ட்ரி தரவரிசையில் முதலிடம் பெற்றது. ஆடம்பரத்தை விட்டு எளிய வாழ்வுக்குத் திரும்ப அழைக்கும் காதல் பாடல் அது. முடிவில் வில்லி நெல்சனும் பாடுகிறார். எழுதிய சிப்ஸ் மோமன், பாபி எம்மன்ஸ் இருவரும் அப்போது லுக்கன்பாக்கைப் பார்த்ததில்லை. ஜென்னிங்ஸும் பார்த்ததில்லை, அவருக்குப் பாடலே அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஊரை அப்படி ஆக்கிய ஹோண்டோ குரௌச் அதைக் கேட்கவில்லை. 1976 செப்டம்பரிலேயே அவர் இறந்துவிட்டார்.

பாடலைக் கேட்டவர்கள் ஊரைத் தேடி வரத் தொடங்கினர். வழிகாட்டிப் பலகைகளை நினைவுப்பொருளாகப் பிடுங்கிச் சென்றதால், சாலையில் ஊரைக் கண்டுபிடிப்பதே கடினமாயிற்று. 1995 முதல் 1999 வரை வில்லி நெல்சனின் ஜூலை 4 இசை விழா இங்கு நடந்தது. மூன்று பேர் ஊரில் அன்று பல்லாயிரவர் கூடினர்.

பயணிகள் தங்குமிடமாக

290-ஆம் எண் நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து வருவோரில் சிலர் ஓரிரவு தங்குகின்றனர். ஊரை ஒட்டிய முகாம் தளங்களில் கூடாரம் அடிக்கலாம், வீட்டு வண்டியை நிறுத்தலாம். உணவு பார்பிக்யூ. மத்திய டெக்சாஸின் பார்பிக்யூவும் குடியேறிகளின் வழி வந்ததே. ஜெர்மானிய, செக் இறைச்சிக் கடைக்காரர்கள் விற்காமல் மிஞ்சிய இறைச்சியைப் புகையூட்டிக் காத்தனர். அதை வாங்கியவர்கள் கடையிலேயே காகிதத்தில் வைத்து உண்டனர். மாட்டின் நெஞ்சுக்கறியை ஓக் விறகின் மெல்லிய சூட்டில் பல மணி நேரம் வேகவைப்பது இன்றைய முறை. குன்றுப் பகுதியின் சில ஊர்களில் மெஸ்கிட் விறகுத் தணலின் மேல் நேரடியாகச் சுடுவதும் உண்டு.

பகலில் மரத்தடியில் வட்டமாக அமர்ந்து பாடுகின்றனர். அதில் தொழில்முறைக் கலைஞரும் உண்டு, நேற்றுதான் கிதார் வாங்கியவரும் உண்டு. இரவில் நடனக் கூடத்தில் இசைக்குழு வாசிக்கிறது. பழைய கடையில் அஞ்சல் முகப்பு அப்படியே இருக்கிறது. அங்கே இப்போது தொப்பியும் சட்டையும் விற்கின்றனர். பின்புறம் மதுக்கடை.