குமிழைத் தேடிய கைகள்

ஈய எழுத்துகளைக் கையால் கோத்த அச்சுக்கூடங்களின் கடைசி நாட்களைக் கண்டவன் நான். அன்றைய பத்திரிகைகளை இன்று கணினித் திரையில் வாசிக்கலாம். கோத்தவரின் கைப்பழக்கத்தை எங்கும் காணமுடியாது. வீடியோ விளையாட்டுகளின் வரலாற்றிலும் இத்தகைய இழப்பு ஒன்று நேர்ந்தது.

1972இல் அமெரிக்காவின் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட 'பொங்' விளையாட்டின் குமிழ் ஓரளவுக்கு மேல் திரும்பாது. 1981இல் அதே நிறுவனம் தந்த 'டெம்பெஸ்ட்' இயந்திரத்தின் குமிழோ முடிவின்றிச் சுழன்றது. 1986இல் ஜப்பானின் டைட்டோ வெளியிட்ட 'ஆர்க்கனாய்ட்'டும் சுழல் குமிழையே நம்பியது.

1997இல் வெளியான 'மேம்' மென்பொருள் பழைய விளையாட்டுகளை வீட்டுக் கணினிக்குக் கொண்டுவந்தது. குமிழ் மட்டும் வரவில்லை. விசைப்பலகையைத் தட்டி ஆடியவர்களுக்குப் பழைய சுகம் கிட்டவில்லை.

வீட்டிலேயே விளையாட்டுப் பெட்டி அமைத்தவர்கள் கழிவுப் பொருட்களில் விடை கண்டனர். பந்துள்ள பழைய மவுஸினுள் பிளவுகள் கொண்ட இரு சிறு சக்கரங்கள் உண்டு. ஒன்றே போதும். சுழலும் சக்கரம் அகச்சிவப்பு ஒளியை இடையிடையே மறைக்கும். இரண்டு உணரிகளில் எது முந்தி ஒளி பெறுகிறது என்பதிலிருந்து சுழலும் திசை தெரியும். அச்சக்கரத்தைத் தண்டொன்றில் பொருத்தி, பேரிங்கில் இருத்தி, மேலே குமிழைப் பூட்டினர். தடையின்றிச் சுழல்வதற்காகப் பழைய வீடியோ டெக்கின் உருளையைக் கழற்றிப் பயன்படுத்தியோரும் உளர்.

மென்பொருள் காத்தது விளையாட்டை. கைப்பழக்கத்தைக் காத்தவர்கள், பிறர் எறிந்த மவுஸைப் பிரித்துப் பார்த்த இவர்களே.