ராஜாஜி சாலையில் ஓடிய ஃபைல்

திருவண்ணாமலை வீட்டு மொட்டை மாடியில இருந்து ரெக்கார்ட் பண்றேன். இன்னைக்கு பௌர்ணமி, கிரிவலக் கூட்டத்தோட சத்தம் கொஞ்சம் வரும், பொறுத்துக்கோங்க.

குலோத்துங்கனை 'சுங்கம் தவிர்த்த சோழன்'னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்போம். இன்னைக்குப் பேசப்போறது சுங்கத்தைத் தவிர்த்த கதை இல்ல, அதுக்கான பேப்பரைத் தவிர்த்த கதை.

எங்க தாய்மாமா தொண்ணூறுகள்ல சென்னை ராஜாஜி சாலை கஸ்டம் ஹவுஸ்ல ஒரு கிளியரிங் ஏஜெண்ட்கிட்ட வேலை பார்த்தார். வேலைன்னா ஓடுறதுதான். இறக்குமதி சரக்குக்கு 'பில் ஆஃப் என்ட்ரி'ன்னு ஒரு படிவம். அதை கார்பன் வெச்சு டைப் அடிக்கணும். ஒரு கவுன்ட்டர்ல நம்பர் வாங்கணும். அப்ரைசர் எந்தத் தலைப்பு, எவ்வளவு வரின்னு பார்ப்பார், மேலதிகாரி கையெழுத்துப் போடுவார். பேங்க்ல வரி கட்டி, துறைமுகத்துல பெட்டியைத் திறந்து காட்டின பிறகுதான் 'அவுட் ஆஃப் சார்ஜ்'. ஒரு மேசையில ஃபைல் நின்னா, சரக்கும் நிக்கும், வாடகையும் ஏறும். நம்ம பாஷையில சொன்னா, சிஸ்டங்களை இணைச்ச ஏபிஐ எங்க மாமாதான்.

இதை முதல்ல நாடு முழுக்க மாத்தினது சிங்கப்பூர். 1989 ஜனவரியில 'டிரேட்நெட்' வந்தது. பல துறைகளுக்குத் தனித்தனியா கொடுத்த விண்ணப்பம் ஒரே மின்படிவமாச்சு. நாள்கணக்கா இழுத்த அனுமதி நிமிஷத்துல வந்தது. இந்தியாவில சுங்கத்துறையோட 'ஐசெஸ்' 1995ல டெல்லியில சோதனையா ஆரம்பிச்சது, அப்புறம் 'ஐஸ்கேட்' போர்ட்டல். ஆனா கம்ப்யூட்டர்ல போட்ட பிறகும் உணவு, மருந்து, தாவரத் துறைகளுக்குத் தனிப் பேப்பர் வேணும். 2016 ஏப்ரல் 1ல வந்த 'ஸ்விஃப்ட்' ஒற்றைச் சாளரம்தான் ஒன்பது படிவங்களை ஒண்ணாக்கினது. என்னைக் கேட்டா, இந்த வரலாற்றிலேயே பெரிய நகர்வு அதுதான். கணினி போடுறது ஈஸி, துறைகளை ஒரே படிவத்துக்கு ஒத்துக்க வைக்கிறது கஷ்டம்.

2020 ஜூன் 8ல சென்னையிலயும் பெங்களூருலயும் முகமில்லா மதிப்பீடு ஆரம்பிச்சது. சரக்கு சென்னையில இறங்கலாம், மதிப்பிடுற அதிகாரி வேற ஊர்ல இருக்கலாம். யார்னு நமக்குத் தெரியாது. அக்டோபர் 31ல நாடு முழுக்க வந்துடுச்சு. யாரையும் தனியா 'கவனிக்க' முடியாது, நல்ல விஷயம்.

இந்த இடத்துல மாமா தலையாட்டுவார். "கேள்வி கேக்கறவரு மொகமே தெரியலன்னா யார்கிட்ட மாப்ள போய் எடுத்துச் சொல்றது?"

போன மாசம் எங்க தெருக்காரர் சாம்பிராணி கப் செய்யற மெஷின் ஒண்ணு சீனாவில இருந்து வரவழைச்சார். மெஷின் எப்படி வேலை செய்யுது, கேட்லாக் கொடுங்கன்னு சிஸ்டத்துல கேள்வி. கேட்லாக் முழுக்க சீன மொழி. புரோக்கர் கேள்வியை அப்படியே வாட்ஸ்அப்ல தள்ளிவிட்டார். இவருக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது. பெட்டி துறைமுகத்துல, வாடகை ஓடுது.

ஃபோனை மாமாகிட்ட கொண்டுவந்தார். மாமா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரெண்டு தடவை படிச்சார். அழுத்துறது எது, சூடாக்குறது எதுன்னு தெருக்காரர்கிட்ட கேட்டுக்கிட்டார். கையால காட்டிக் காட்டிச் சொன்னார், நான் இங்கிலீஷ்ல டைப் பண்ணேன்.