ஒரு கவுனும் ஒன்பது படங்களும்

என்ஜினீயர் கவுனைப் பற்றி எழுதுகிறானே என்று சிரிக்காதீர்கள் நண்பர்களே! சூலக்கரைப் பட்டறையில் டிராயிங் இல்லாமல் லேத் சுற்றாது. சீமையில் படம் வரையாமல் கத்தரிக்கோல் நகராது. இரண்டும் ஒரே சங்கதிதான்.

லண்டனில் புரூட்டன் தெருவில் ஆடை நிறுவனம் நடத்தியவர் நார்மன் ஹார்ட்னெல். எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாக் கவுனை வடிவமைக்கும் பொறுப்பு 1952 அக்டோபரில் அவரிடம் வந்தது. வெள்ளை சாட்டின் துணி. அக்கால இரவு விருந்துக் கவுன்களைப் போலவே இறுக்கமான இடுப்பு, விரிந்த பாவாடை. அவர் வரைந்து கொடுத்தது 9 படங்கள். ராணிக்குப் பிடித்தது 8-வது. அதில் பிரிட்டனின் மலர்ச் சின்னங்கள் மட்டுமே இருந்தன. காமன்வெல்த் நாடுகளின் சின்னங்களையும் சேர்க்கச் சொன்னார் ராணி.

இங்கேதான் சரித்திரம் வருகிறது. இந்தியா 1950-லேயே குடியரசாகிவிட்டது. அவர் நமக்கு ராணி இல்லை. ஆனாலும் 1949 லண்டன் பிரகடனப்படி நாம் காமன்வெல்த்தில் நீடித்ததால், நமக்கும் ஒரு தாமரை கிடைத்தது. சிப்பி முத்து மினுமினுப்பில் அதன் இதழ்கள். இலங்கைக்கும் தாமரையே. பாகிஸ்தானுக்குக் கோதுமை, சணல், பருத்தி. பருத்தி நம்ம கரிசல் காட்டுச் சரக்காச்சே, அது எப்படி அங்கே போச்சு என்று விருதுநகர்க்காரன் கேட்கத்தானே செய்வான்!

வேல்ஸ் நாட்டுக்கு டாஃபடில் பூ போட நினைத்தார் ஹார்ட்னெல். சின்னங்களுக்குப் பொறுப்பான அதிகாரி, லீக் என்ற வெங்காய இனச் செடிதான் சரி என்று சொல்லிவிட்டார். ஆக, ஒரு நாட்டுக்கு எது அடையாளம் என்பது வரைகிற மேஜையில்தான் முடிவாயிற்று.

1953 ஜூன் 2-ல் முடிசூட்டு விழா. 1954 ஏப்ரலில் கொழும்பில் பாராளுமன்றத்தைத் திறந்து வைத்தபோதும் ராணி அணிந்தது இதே கவுன்தான். பிறகு காலம் மாறியது. 1956-ல் பாகிஸ்தான் குடியரசானது. சணல் விளைந்த கிழக்கு வங்காளம் 1971-ல் வங்கதேசமானது. 1972-ல் இலங்கையும் குடியரசானது. கவுனில் மட்டும் 1953 அப்படியே நிற்கிறது. தேதி போட்ட பழைய டிராயிங் போல, அன்றைய நிலவரத்தை இன்றும் அது காட்டுகிறது.

இளைய மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் மாவட்டத்தில் இ.குமாரலிங்கபுரத்தில் பிரதமர் மித்ரா ஜவுளிப் பூங்கா அமையும் என்று 2023-ல் அறிவிப்பு வந்தது. நூற்கவும், நெய்யவும், தைக்கவும் நம்மவர்களுக்குத் தெரியும். அத்தோடு நின்றுவிடாதீர்கள். எந்தப் பூ எங்கே வர வேண்டும் என்று தீர்மானிக்கிற மேஜையிலும் போய் உட்காருங்கள். பென்சில் யார் கையில் இருக்கிறதோ, பெயரும் அவருக்குத்தான். ஹார்ட்னெல் பெயரை இன்றும் சொல்கிறோம். மாதக்கணக்கில் ஊசி பிடித்த பெண்களின் பெயரை யார் சொல்கிறார்கள்?