நிலத்துக்குள் ஊற்றிய கடன்



யாழ்ப்பாணத்துக் கிணற்றடியில் வளர்ந்த எங்களுக்கு, டென்மார்க் வந்த புதிதில் ஒரு விடயம் வியப்பாக இருந்தது. இங்கே குழாயைத் திறந்து அப்படியே தண்ணீர் குடிக்கிறார்கள். கொதிக்க வைப்பதில்லை, குளோரின் மணமும் இல்லை. இந்த நாட்டின் குடிநீர் ஏறக்குறைய முழுவதும் நிலத்தடி நீர்தான். அதை மேலே இழுத்து, காற்றுப் படவிட்டு, மணலில் வடித்து அனுப்பிவிடுகிறார்கள். ஆகவே நிலத்துக்குள் எதை ஊற்றுகிறோம் என்பதில் இவர்கள் ஆதிமுதலே கவனமாக இருந்திருப்பார்கள் என்று நானும் நம்பியிருந்தேன். அது எவ்வளவு பிழை என்பதை இம்மாதம் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

எங்கள் மக்கள் பலர் குடியேறிய கிறின்ஸ்ரெட் நகரத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே 1924இல் ஓர் இரசாயனத் தொழிற்சாலை தொடங்கியது. கிறின்ஸ்ரெட்வேர்க்கெட் என்பது அதன் பெயர். மருந்துக்கான மூலப்பொருள்கள், விற்றமின்கள், உணவில் சேர்க்கும் பொருள்கள் என்று பலதும் செய்தார்கள். ஊருக்கு வேலையும் வருமானமும் கிடைத்தன. கழிவு எங்கே போனது? கொஞ்சம் தொழிற்சாலை வளவுக்குள், கொஞ்சம் ஊர்க் குப்பைமேட்டில், கொஞ்சம் பழைய ரயில்பாதைப் பள்ளத்தில், மிகுதி ஆற்றில். அந்தப் பகுதி முழுவதும் மணற்பாங்கான சமவெளி. மேலே ஊற்றியதைத் தடுத்து நிறுத்தத் தடித்த களிமண் படை கிடையாது.

இதோடு நிற்கவில்லை. 1956 முதல் 1973 வரை, ஏறத்தாழ 280,000 தொன் கழிவுநீரை மேற்குக் கடற்கரைக்குக் கொண்டுபோய், ஹென்ன கடற்கரைக்கு அண்மையில் உள்ள கேர்கோ மணற்குன்றுக் காட்டில் ஆறு குழிகளுக்குள் ஊற்றினார்கள். சல்பா மருந்துகளின் மிச்சம், குளோரின் கலந்த கரைப்பான்கள், பாதரசம் எல்லாம் அதற்குள் இருந்தன. களவாகச் செய்த வேலை அல்ல இது. அதிகாரிகளின் அனுமதியோடு நடந்தது. குழிக்குள் போனது மணலினூடாக நிலத்தடி நீருக்குப் போய், அங்கிருந்து கடலை நோக்கி நகர்ந்தது. கடைசியில் அந்தக் கடற்கரையின் ஒரு பகுதியில் குளிக்கத் தடை வந்தது. டென்மார்க்கின் சுற்றாடல் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியதும் அதே 1973இல்தான்.

நான் வணிகம் படித்து, கணக்கு எழுதிப் பிழைப்பவன். இரசாயனம் எனக்குத் தூரம். ஆனால் இந்தக் கதையில் எனக்கு நன்றாக விளங்குகிற ஒரு பக்கம் இருக்கிறது. கழிவை ஒழுங்காக அழிப்பதற்குச் செலவாகும். அந்தச் செலவைச் செய்யாமல் விட்டால் அவ்வருட இலாபநட்டக் கணக்கில் இலாபம் கூடித் தெரியும். செய்யாத செலவு மறைந்துவிடுவதில்லை. அது ஒரு பொறுப்பு. ஐந்தொகையில் எழுதாமல் விட்டதால் அது இல்லை என்று ஆகாது. எழுதியிருப்பது மணலில்தான். பிறகு அந்தக் கடனை யாரிடம் அறவிடுவது?

இந்தக் கேள்வி இன்னொரு வழக்கில் டென்மார்க்கின் உயர்நீதிமன்றம் வரை போனது. பூச்சிகொல்லி செய்யும் கெமினோவா நிறுவனம் 1953இல் ஹார்போஊர கடற்கரை நிலப்பகுதிக்கு இடம் மாறியது. அங்கே கழிவை மணலில் புதைத்தார்கள். துப்புரவுச் செலவைத் தரும்படி அரசு கேட்டது. 1992இல் தீர்ப்பு வந்தது: கோரிக்கை காலாவதியாகிவிட்டது. எதை வைத்து? ஐந்தாம் கிறிஸ்தியான் மன்னர் 1683இல் பிறப்பித்த சட்டத்தொகுப்பில், 20 ஆண்டு கடந்த கோரிக்கை செல்லாது என்று ஒரு விதி இருந்தது. குதிரை வண்டிக் காலத்துச் சட்டம்! அறவிடமுடியாக் கடன் என்று பதிவழிக்க வேண்டியதுதான். 2008 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டம், சுற்றாடல் சேதத்துக்கு இந்த எல்லையை 30 ஆண்டாக நீட்டியது. ஆனால் ஐம்பதுகளில் ஊற்றியதற்கு அது உதவாது.

ஆகவே பணம் கட்டுவது நீங்களும் நானும்தான். மிகப் பெரிய பத்து இடங்களை இங்கே 'தலைமுறை மாசு' என்கிறார்கள். கிறின்ஸ்ரெட், கேர்கோ, ஹார்போஊர மூன்றும் அதற்குள் அடங்கும். 2020 டிசம்பரில் நாடாளுமன்றக் கட்சிகள் உடன்பட்டு இவற்றுக்கு 630 மில்லியன் குறோணர் ஒதுக்கின. அது வரிப்பணம். குளோரின் கரைப்பான்கள் சிதைந்து உண்டாகும் வினைல் குளோரைட் புற்றுநோய் தரக்கூடியது. அது இன்னும் கிறின்ஸ்ரெட் நிலத்துக்கடியில் இருக்கிறது.

இதை வாசிக்கும்போது எனக்குச் சுன்னாகம்தான் ஞாபகத்துக்கு வந்தது. அனல்மின் நிலையத்தின் கழிவு ஒயில், எங்கள் சுண்ணாம்புக்கல் நிலத்தினூடாகக் கிணறுகளில் இறங்கிய கதை உங்களுக்குத் தெரியும். குடிக்கத் தண்ணீர் பவுசரில் வந்தது. அந்த வழக்கில், 2019 ஏப்ரல் 4ஆம் திகதி இலங்கை உயர்நீதிமன்றம், மாசுபடுத்தியவரே செலுத்த வேண்டும் என்ற கோட்பாட்டின்படி, நொதேர்ண் பவர் நிறுவனம் 20 மில்லியன் ரூபாய் நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆளுக்கு அதிகபட்சம் 40,000 ரூபாய். கிணறு வைத்திருந்தவருக்கு அது பெரிய தொகை அல்ல. ஆனாலும் கடன்பட்டவர் இன்னார் என்று நீதிமன்றம் பெயர் சொன்னது. இங்கே 1992இல் அது நடக்கவில்லை. இலங்கை நீதிமன்றங்களைப் பற்றி எங்களில் பலருக்கு இருக்கும் எண்ணம் எனக்கும் உண்டு. ஆயினும் கணக்கைச் சரியாகச் சொல்ல வேண்டும்.

வீடு வாங்க யோசிக்கும் நேயர்களுக்கு ஒரு சொல். இங்கே பிராந்திய நிர்வாகங்கள் மாசுபட்ட காணிகளைப் பதிவு செய்து வைத்திருக்கின்றன. சந்தேகமுள்ளவை 'வி1', சோதித்து உறுதியானவை 'வி2'. டென்மார்க்ஸ் மில்யோபோர்ட்டல் இணையத்தளத்தில் வீட்டு முகவரியைக் கொடுத்தால் நிலமாசுச் சான்றிதழ் கிடைக்கும். வங்கிக்குப் போகுமுன் அதை எடுத்துப் பாருங்கள். கிறின்ஸ்ரெட் பக்கம் இருப்பவர்கள், கத்தரிக்கும் மிளகாய்க்கும் தண்ணீர் விட வளவுக்குள் துளைக்கிணறு போட எண்ணினால், முதலில் கொம்யூனில் கேட்டுவிட்டுப் போடுங்கள்.