வேலூர்க் கோட்டைக்குள் ஒரு சர்ச்

போன மாசம் ஒரு சனிக்கிழமை ரூம்மேட் ரெண்டு பேரோட ஜவ்வாது மலைக்குக் கிளம்பினேன். காவலூர் தொலைநோக்கியைப் பார்த்துட்டு, ராத்திரி ஜமுனாமரத்தூர்ல தங்குறதா திட்டம். சென்னையிலிருந்து எப்படியும் வேலூர் வழியாத்தான் போகணும், கோட்டையை எட்டிப் பார்த்துடலாம்னு வண்டியை ஓரங்கட்ட வெச்சது நான்தான். மலைக்கதை இன்னொரு நாள். இப்போ கோட்டை மட்டும்.

அகழியைத் தாண்டி உள்ளே போனா கூட்டம் மொத்தமும் ஜலகண்டேஸ்வரர் கோயில் பக்கம் போகுது. அதே கோட்டைக்குள்ள ஒரு மசூதி இருக்கு, அங்கே தொழுகைக்கு அனுமதி இல்லை. அப்புறம் ஒரு சர்ச், செயின்ட் ஜான்ஸ். 1846-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் அரசாங்கம் இங்கே இருந்த தன் பட்டாளத்துக்காகக் கட்டினது. இன்னிக்கு சி.எஸ்.ஐ. வேலூர் பேராயத்தைச் சேர்ந்தது. சாந்தோம் மாதிரி வானத்தைக் குத்துற கோபுரத்தை எதிர்பார்த்துப் போனா ஏமாந்துடுவீங்க. அடக்கமான கட்டடம். நாங்க போனப்ப கதவுல பூட்டு. பக்கத்துல நின்னவர், "ஞாயித்துக்கிழமை காலையில வாங்க தம்பி"ன்னார்.

பூட்டின கதவு முன்னாடி நின்னுட்டு இருந்தப்பதான் அந்த வருஷம் உறைச்சது. 1846. வேலூர்ப் புரட்சி 1806 ஜூலை 10. நடுவுல சரியா நாற்பது வருஷம்.

1806-ல் சிப்பாய்கள் ஏன் கிளம்பினாங்கன்னு ஸ்கூல்ல படிச்சிருப்போம். மதராஸ் படையின் தலைமைத் தளபதி சர் ஜான் கிராடக் காலத்துல வந்த உத்தரவு: அணிவகுப்புல நெத்தியில குறி கூடாது, காதுல கடுக்கன் கூடாது, தாடி கூடாது, தலையில புது மாதிரி தலைப்பாகை. அதுல தோல் வேற இருந்தது. பார்க்க வெள்ளைக்காரன் தொப்பி மாதிரியே இருந்ததால, "இன்னிக்குத் தொப்பி, நாளைக்கு ஞானஸ்நானம்"ங்கிற மாதிரி பயம் பரவிடுச்சு. எதிர்த்தவங்களைச் சென்னைக்குக் கொண்டு போய் கசையடி கொடுத்தாங்க. அடி வாங்கினதுல இந்துவும் உண்டு, முஸ்லிமும் உண்டு.

மதம் மாத்திடுவாங்கன்னு பயந்து ரத்தம் சிந்தின அந்த ராத்திரியில இந்த சர்ச் இல்லவே இல்லை! கோயில் இருந்தது, ஆனா மூலவர் இல்லை. லிங்கம் சத்துவாச்சாரியில இருந்தது, 1981-ல்தான் திரும்ப வந்தது. ஆக, சாமி இல்லாத கோயிலுக்கும் இன்னும் கட்டாத சர்ச்சுக்கும் நடுவுல நின்னு அந்த மனுஷங்க சண்டை போட்டிருக்காங்க. கோபம் கட்டடத்து மேல இல்லை போல, தலையில வெச்ச அந்தத் தொப்பி மேலதான்.

விடியறதுக்கு முன்னாடியே 69-வது ரெஜிமெண்ட் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் நூறு பேருக்கு மேல செத்தாங்க. கோட்டைத் தளபதி கர்னல் ஃபேன்கோர்ட்டும் செத்தார். அவரோட முதல் பேர் செயின்ட் ஜான்! சர்ச்சுக்கு அவர் பேரைத்தான் வெச்சுட்டாங்களோன்னு ஒரு நிமிஷம் துள்ளிக் குதிச்சேன். அப்புறம் யோசிச்சா திருச்சியில, மீரட்ல எல்லாம் பட்டாளத்து சர்ச்சுக்கு இதே பேர்தான். நம்ம துப்பறியும் மூளை அவ்வளவுதான் :-)

ஆற்காட்டுல இருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோட பறந்து வந்தார். சில மணி நேரத்துல ஆட்டம் குளோஸ். திப்பு மகன்கள் இருந்த மாளிகையில ஒளிஞ்ச சிப்பாய்களை வெளியே இழுத்து, சுவர் ஓரமா நிறுத்தி சுட்டுத் தள்ளினாங்க, நூறு பேர் அளவுக்கு. மொத்தக் கணக்கு இன்னும் பல மடங்கு. கில்லெஸ்பி பேர்ல ஹென்றி நியூபோல்ட் கவிதையே எழுதியிருக்கார். செத்த சிப்பாய்கள்ல எத்தனை பேரோட பேர் நமக்குத் தெரியும்? அவங்களுக்கு ஊருக்குள்ள மக்கான் பக்கம் ஒரு நினைவுத் தூண் இருக்கு, 2006-ல் தபால்தலை வந்தது. கோட்டைக்குள்ள பேர் போட்ட கல்லு ஒண்ணு கூட என் கண்ணுல படலை.

தலைப்பாகை உத்தரவை வாபஸ் வாங்கினாங்க. 1807-ல் கிராடக்கையும் கவர்னர் பெண்டிங்கையும் திருப்பிக் கூப்பிட்டாங்க. அதுக்கப்புறமும் நாற்பது வருஷம் கழிச்சு, அதே மண்ணுல, அதே பட்டாளத்துக்காக ஒரு ஜெபவீடு. மனசாட்சியா, வழக்கமான ஒரு கட்டுமான வேலையா? என் நண்பன் (கிறிஸ்தவன், வாரம் தவறாம கோயிலுக்குப் போறவன்) ரெண்டாவதுதான்னு சொன்னான். "கம்பெனிக்காரன் டெண்டர் விட்டிருப்பான்டா. உள்ள உக்காந்து அழுதவன் கதைதான் வேற."

ஞாயித்துக்கிழமை மலையிலிருந்து போளூர் வழியா இறங்கி, வேலூர் வந்து சேர்றதுக்குள்ள சாயங்காலம் ஆயிடுச்சு. மறுபடியும் அதே பூட்டு. நண்பன் வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு ரெண்டு நிமிஷம் கண்ணை மூடி நின்னான். யாருக்காகன்னு கேட்டேன்.

"ரெண்டு பக்கத்துக்கும்தான்டா"ன்னுட்டு வண்டிச் சாவியைக் கேட்டான்.